பேர் போடாத பாட்டுக்காரர்கள்

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தென்பட்டதும், இலங்கையின் களனிவெளித் தோட்டங்களிலும் இரத்தினபுரியைச் சூழ்ந்த தோட்டங்களிலும் தொழிலாளர் லயத்துக்கு எதிரேயுள்ள பொட்டலில் காமன் கம்பம் ஊன்றுகிறார்கள். அன்று தொட்டுப் பௌர்ணமி இரவில் மன்மதன் எரிந்து சாம்பலாகும்வரை ரதியும் மதனும் வேடம் புனைந்து வாசல்தோறும் ஆடிவருவதைப் பற்றியும், விடியவிடியத் தப்பு முழங்குவதைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும், அந்தப் பொட்டலின் ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு பாட்டு ஓய்ந்ததும் அதன் அர்த்தத்தையும் அதைக் கட்டினவரின் சாமர்த்தியத்தையும் குறித்துத் தமக்குள் வாதாடும் பெரியவர்களைப் பற்றி நான் அதிகம் படித்ததில்லை. கூத்தைக் காண்பதில் எத்தனை விருப்பமோ, அத்தனை விருப்பம் எனக்கு அந்த வாதத்தைக் கேட்பதிலும் உண்டு.

நான் கேட்ட வாதங்களில் மனத்தை விட்டு அகலாதது ரதியின் புலம்பலைப் பற்றியது. எரிந்த கணவனை எண்ணி ரதி அழும் கட்டம் வந்ததும் பெண்கள் இருக்கும் பக்கத்தில் முந்தானைகள் கண்ணுக்குப் போவது வழக்கம். அந்த அழுகை புராணத்தைச் சேர்ந்தது, பரமசிவனுடைய நெற்றிக்கண்ணால் நேர்ந்த தெய்வத் துக்கம், அதை நம் வீட்டுத் துக்கத்தோடு சேர்த்துப் பேசலாகாது என்றார் ஒருவர். அவருக்கு எதிரே இருந்தவர் நாற்பது வருஷம் இறப்பர்ப் பால் வெட்டி ஓய்ந்த கிழவர். "புராணமாவது அண்ணே, மேக்கணக்கு லயத்துல ஒரு அம்மா புருஷன் செத்தப்ப வச்ச ஒப்பாரி இது. பழைய கூத்து மாஸ்டர் அத அப்பிடியே தூக்கி ரதிக்குக் குடுத்துட்டாரு. எங்க ஆத்தா சொல்லிக் கேட்டிருக்கேன்" என்று அவர் சொன்னபோது, அந்த அம்மாளின் பேரையும், அவள் எந்தக் கங்காணியின் பெரட்டில் வந்தவள் என்பதையும், கணவன் எந்த மழைக்காலத்தில் இறந்தான் என்பதையும் சேர்த்தே சொன்னார். கேட்டிருந்த மற்றவர்களில் இருவர் அதை ஆமோதித்தார்கள். ஒருவர் பேர் வேறு என்று மறுத்தார். தப்பு மறுபடி முழங்கத் தொடங்கும்வரை அவ்விவகாரம் தீரவில்லை.

தஞ்சைச் சீமையில் மராட்டியர் காலத்தில் வேரூன்றிய இலாவணியில், காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியும் டேப்பு அடித்துக்கொண்டு, வினாவும் விடையுமாக இரவு முழுவதும் பாடுவது பிரசித்தம். நம் தோட்டத்து மக்களின் முன்னோர் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர் முதலான பகுதிகளிலிருந்து வந்தவர்களாதலால், பாட்டு என்பது கேட்டு மகிழ்வதோடு நின்றுவிடாமல் எதிர்நின்று தர்க்கிப்பதற்கும் உரியது என்னும் எண்ணத்தையும் அவர்கள் அங்கிருந்தே கொண்டுவந்திருக்க வேண்டும். தஞ்சையில் பாடகர்கள் செய்ததை இங்கே ரசிகர்கள் செய்கிறார்கள்.

நாட்டார் பாடலுக்குக் கர்த்தா இல்லை, அது ஜனசமூகம் முழுவதும் சேர்ந்து பாடியது என்று பாடப்புத்தகங்கள் கற்பிக்கின்றன. பொட்டலோரத்துப் பெரியவர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள், நானும் ஒப்பவில்லை. ஒரு சாவு வீட்டைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். லயத்தின் முன்திண்ணையான இஸ்தோப்பில் உடலைக் கிடத்தியிருக்க, சுற்றிலும் பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்திருக்க, ஒருத்தி எடுத்துக்கொடுக்கிறாள். அவள் எடுக்கும் இராகமும், உவமைகளை அடுக்கும் முறையும், ஈற்றில் உறவைச் சொல்லி விளிக்கும் வழக்கமும் அவளுடைய பாட்டிக்குப் பாட்டி காலத்தவை என்பது மெய்யே. ஆனால், இறந்தவன் எந்தத் தோட்டத்தில் பிறந்து எந்தத் தோட்டத்துக்கு வந்தான், எத்தனை பிள்ளைகளைக் கரையேற்றினான், காய்ச்சல் கண்ட அன்று மருந்துக்காரர் வந்தாரா இல்லையா, கடலுக்கு அப்பாலுள்ள கூடப்பிறந்தவனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பனவெல்லாம் அந்த நாழிகையில் அவளே கோத்து அமைப்பவை. எதுகை தவறாமல், மூச்சு முட்டாமல், கண்ணீரின் நடுவில் அவள் அமைக்கும் அந்த அடிகளை மறுநாள் பீலிக்கரையில் மற்றப் பெண்கள் தங்களுக்குள் திரும்பச் சொல்லி, இன்ன அடி நன்றாக விழுந்தது என்று மெச்சுகிறார்கள். அவளைக் கவி என்று சொல்ல நாம் ஏன் தயங்க வேண்டும்? அவளுடைய அடிகள் பத்து வருஷத்துக்குப் பின் வேறொருத்தி வாயில் வேறு சாவு வீட்டில் வரலாம். காமன் கூத்தில் ரதியின் வாயில் வரலாம். ஒரு நாள் கொழும்பிலிருந்து வரும் ஆராய்ச்சியாளரின் குறிப்புப் புத்தகத்திலும் வரலாம். அப்படி வந்துசேரும்போது அவை அவள் பேர் இல்லாமல் வருகின்றன என்பதே என் மனக்குறை.

சேகரித்தவர்களைக் குறை கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. அவர்கள் இல்லாவிட்டால் பாட்டே இல்லை. சார்ல்ஸ் கோவர் 1871இல் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் நூலாக்கியது முதல், பெர்சி மக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டி வைத்திருந்த பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் அவர்கள் 'மலையருவி' என்னும் பேரில் 1958இல் தஞ்சை சரசுவதி மகால் வழியே வெளியிட்டது வரை, எத்தனையோ பேருடைய பிரயாசை இதில் அடங்கியிருக்கிறது. இவற்றுள் எனக்கு முன்மாதிரியாகத் தோன்றுவது நா. வானமாமலை அவர்கள் 1964இல் பதிப்பித்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்'. அதில் பல பாடல்களின் அடியில், உதவியவர் இன்னார், சேகரித்தவர் இன்னார், இடம் இன்னது என்று குறித்திருப்பதோடு, வட்டார வழக்குக்கு விளக்கமும் தந்திருக்கிறார். சிறிய எழுத்தில் அச்சான அந்த மூன்று நான்கு வரிகளைத்தான் நான் அந்நூலின் பெரிய தர்மம் என்று கருதுகிறேன்.

நம் மலையகத்தைப் பொறுத்தவரை இப்பணியில் முதல் வணக்கத்துக்குரியவர் சி. வி. வேலுப்பிள்ளை. மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாக முதலாவது பாராளுமன்றத்துக்குச் சென்று, அடுத்த ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தம்மைத் தெரிந்தெடுத்த மக்களை நாடற்றவர்களாக்கியதைக் கண்ணெதிரே கண்டவர் அவர். ஆங்கிலத்தில் கவிதையும் சித்திரமுமாக எழுதிப் பேர் பெற்ற அவரே, தொழிற்சங்க வேலையாகத் தோட்டந்தோறும் அலைந்த காலத்தில் காதில் விழுந்த பாட்டுகளைக் குறித்து வைத்து, 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று 1983இல் வெளியிட்டார். மறு ஆண்டில் காலமானார். அந்தத் தொகுதியில் பாட்டோடு பாட்டாக அதன் சந்தர்ப்பமும் வருகிறது. எந்த வேலையின்போது, எந்தச் சடங்கில், யார் யாரைப் பார்த்துப் பாடியது என்று ஒரு கதாசிரியருக்குரிய கையால் அவர் சொல்லிச் செல்வதால், பாட்டின் பொருள் தானாகவே துலங்குகிறது. அவருக்குப் பின் சாரல்நாடன் 1993இல் 'மலையக வாய்மொழி இலக்கியம்' எழுதினார். மு. சிவலிங்கமும் மலையக நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தார். இவர்கள் யாவரும் மலையக மண்ணிலேயே வளர்ந்தவர்கள் என்பது தற்செயலன்று.

பொருள் குறித்த தர்க்கங்களில் மிகக் கடுமையானது தோட்டத் துரைமாரைப் புகழும் பாட்டுகளைப் பற்றியது. துரையின் குதிரையையும் சப்பாத்தையும் பங்களாவையும் வருணித்து, அவர் கொடையை வாழ்த்தி முடியும் பாட்டுகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பங்களா வாசலில் கும்மியாகவும் கோலாட்டமாகவும் பாடப்பட்டன. இவை அடிமைப் பாட்டுகள், இவற்றை நாம் சுமக்க வேண்டியதில்லை என்பது படித்த இளைஞர் பலருடைய அபிப்பிராயம். இந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரமாக அவர்கள் காட்டக்கூடிய பழைய நூலும் ஒன்று உண்டு. ஆபிரகாம் யோசேப்பு என்பவர் 1869இல் யாழ்ப்பாணத்தில் அச்சிடுவித்த 'கோப்பி கிருஷிக் கும்மி', காடு வெட்டுவது முதல் கொட்டை உலர்த்துவது வரை கோப்பிப் பயிர்ச்செய்கையை விஸ்தாரமாகப் பாடுவது. அதன் நோக்கு துரைமாருக்கு உவப்பான நோக்கு. அதே 1869ஆம் ஆண்டில்தான் கோப்பி இலையில் பூஞ்சண நோய் முதன்முதலில் இந்நாட்டில் காணப்பட்டு, இருபது வருஷத்துக்குள் அந்தப் பயிரையே அழித்தது.

நூலாசிரியர் நிதானமாக உட்கார்ந்து எழுதிய கும்மியையும், தொழிலாளி பங்களா வாசலில் நின்று பாடிய கும்மியையும் ஒரே தராசில் வைப்பது நியாயமன்று என்பது என் துணிபு. பங்களா வாசலில் துரை நிற்கிறார், பக்கத்தில் கணக்கப்பிள்ளை நிற்கிறார், பெரிய கங்காணி நிற்கிறார். பாடுகிறவள் மறுநாள் காலைப் பெரட்டில் அவர்கள் முன்னே கைகட்டி நிற்க வேண்டியவள். அவள் துரையைத் தர்மவான் என்று வாழ்த்தி, கங்காணியைக் கணக்குப் பிசகாதவன் என்று வாழ்த்தும்போது, அவ்விருவரும் எப்படி நடக்க வேண்டுமோ அதைப் பலர் அறியச் சொல்லி அவர்களைக் கட்டிவைக்கிறாள். இதே பெண்கள் கொழுந்து மலையில் தனித்திருக்கையில், அரைநாள் கூலிக்கு அரைப்பேர் போட்டவனையும் நிறுவையில் இறாத்தலைக் குறைத்தவனையும் பாடும் பாட்டு வேறு. இரண்டையும் சேர்த்து வைத்துக் கேளாதவர்கள் ஒன்றன் பொருளையும் அறியமாட்டார்கள். பொட்டலோரத்து முதியவர்களிடம் இந்தக் கேள்வியைப் போட்டபோது, "அப்பிடிப் பாடினாத்தான் அடுத்த வருஷமும் வாசலுக்கு விடுவான்" என்று ஒருவர் சுருக்கமாகச் சொன்னார். அதற்கு மேல் வியாக்கியானம் எனக்கு அகப்படவில்லை.

பேர் தெரிந்த பாட்டுக்காரர்களும் நம்மிடையே இருந்தார்கள். மீனாட்சியம்மாள் நடேசய்யர் அவர்களில் தலையாயவர். தோட்டத் தொழிலாளரின் முதற் சங்கத்தை 1931இல் நிறுவிய கோ. நடேசய்யரின் துணைவியாரான அவ்வம்மையார், கூட்டம் தொடங்குமுன் மேடையேறிப் பாரதியார் பாடல்களையும் தம்முடைய பாடல்களையும் பாடுவார். அரசாங்க வேலையிலிருந்து இந்தியத் தொழிலாளர் நீக்கப்பட்டுக் கொந்தளிப்பு மிகுந்திருந்த அந்நாளில், 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பாட்டுப் பிரசுரத்தை 1940இல் வெளியிட்டார். எல்லோரும் அறிந்திருந்த மெட்டுகளில் அவர் பாடல்களை அமைத்ததைச் சிலர் தாழ்வாகப் பேசுவதுண்டு. எழுத்தறியாத ஒரு ஜனத்திரளுக்கு முன் நின்று, ஒரே தடவை பாடி, அந்த ஒரு தடவையிலேயே பாட்டு அவர்களோடு லயத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எண்ணுகிறவர், மெட்டையும் புதிதாகக் கற்பித்துக்கொண்டிருக்க முடியுமா? மெட்டு ஏற்கெனவே அவர்கள் வாயில் இருந்தது. வார்த்தையை மாத்திரம் அம்மையார் கொடுத்தார். அவருக்குப் பின்வந்த ஜில் சுல்தான், கோவிந்தசாமித் தேவர் முதலியோர் சிறு பாட்டுப் புத்தகங்களை அச்சிட்டு, சந்தையிலும் திருவிழாவிலும் நின்று தாமே பாடி விற்றார்கள். பேர் அச்சில் ஏறியதால் மாத்திரமே இவர்கள் நாட்டார் கவிகள் என்ற கணக்கிலிருந்து விலக்கப்படுவதும், பேர் அச்சில் ஏறாததால் மாத்திரமே ஒப்பாரிக்காரி கவி என்ற கணக்கிலிருந்து விலக்கப்படுவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

இனி என் சொந்தப் பிரதேசத்து விஷயம். மலையகப் பாட்டு என்றதும் எல்லோர் மனத்திலும் தேயிலை நிரையும் கூடையும் பனியும் எழுகின்றன. நான் கண்ட தொகுதிகளில் பெரும்பாலானவை அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை முதலிய உயர்ந்த மலைகளின் பாட்டுகளே. சப்ரகமுவ மாகாணத்தில் தேயிலையும் உண்டு. எனினும் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தாழ்ந்த குன்றுகளை மூடியிருப்பது இறப்பர். 1876இல் ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்தில் நட்ட கன்றுகளிலிருந்து பெருகிய அந்த மரம், இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் களனிவெளி முழுவதும் பரவியது. அகலம் குறைந்த களனிவெளி ரயில்பாதை 1903இல் எட்டியாந்தோட்டைக்கும் 1912இல் இரத்தினபுரிக்கும் வந்து சேர்ந்தது. இத்தனை பெரிய தொழிலில் வேலைப்பாட்டு மிகச் சொற்பமாக அகப்படுவது ஏன் என்று நான் பலரை வினவியிருக்கிறேன். எனக்குத் தோன்றும் காரணம் அத்தொழிலின் தன்மையிலேயே இருக்கிறது.

கொழுந்து பறிக்கிறவர்கள் நிரை பிடித்து, ஒருத்தி குரல் மற்றவளுக்குக் கேட்கும் தூரத்தில் நகர்கிறார்கள். ஒருத்தி எடுத்தால் மற்றவள் தொடுக்கலாம். பால் வெட்டுகிறவரோ இருள் பிரியுமுன்னே தமக்குரிய மரங்களை நாடித் தனியே போகிறார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடுமாதலால், பட்டையில் சாய்வாகக் கோடிழுத்து, சிரட்டையைச் சரிசெய்து, ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டு, அடுத்த மரத்துக்கு விரைய வேண்டும். கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலாகப் போனால் பால் வராது. கண்ணும் மூச்சும் கத்தி முனையிலேயே இருக்கும். பின்னர் அதே வரிசையில் திரும்பிவந்து பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்து, அங்கே நிறுத்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கருவி இட்டுப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். இரவில் மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் அன்று வெட்டில்லை, நாட்கூலிக்குரிய பேருமில்லை. இரத்தினபுரி மழையோ நாடறிந்தது. கூட்டமில்லாத இந்தத் தொழிலில் பாட்டு வேலைத்தலத்தில் எழாமல், வேலையில்லாத மழைநாளில் இஸ்தோப்பிலும், தொட்டிலடியிலும், காமன் பொட்டலிலும் எழுந்தது. அதனால்தான் எங்கள் பக்கத்துத் தாலாட்டில் மழை அடிக்கடி வருகிறது. வெளியூர் ரசிகர்கள் அதை இயற்கை வருணனை என்று மெச்சுவார்கள். மழைக்கும் அடுப்புக்கும் உள்ள சம்பந்தத்தை அறிந்தவர்களுக்கு அது பட்டினிப் பாட்டு.

இத்தகைய அறிவு வருஷந்தோறும் தேய்ந்துவருகிறது. பெரியகங்காணி துண்டு கொடுக்க மறுத்ததைச் சொல்லும் ஒரு பாட்டை நல்ல குரலில் பாடிய வாலிபர் ஒருவர், அது தோளில் போடும் துண்டைப் பற்றியது, மரியாதை செய்யாததைக் குறிப்பது என்று நம்பியிருந்தார். தொழிலாளியின் கடனை எழுதி, அதைக் கட்டுகிற தோட்டத்துக்கே அவன் போகலாம் என்று விதித்த கடன்சீட்டுக்குத் துண்டு என்று பேர். அது இல்லாதவன் வேறெங்கும் வேலை பெற முடியாது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்முறை ஒழிந்தது. இதை ஒரு பாட்டி விளக்கியபின் அவர் பாடிய தோரணையே மாறிவிட்டது. அந்தப் பாட்டிக்குப் பிறகு விளக்குவார் யார் என்பதை எண்ணும்போது என் மனம் கலங்குகிறது. சப்ரகமுவத் தோட்டங்கள் ஒன்றுக்கொன்று தொலைவாய், சிங்களக் கிராமங்களின் நடுவே சிதறிக் கிடப்பவை. அருகில் உயர்வகுப்புள்ள தமிழ்ப் பாடசாலை இல்லாமையால் சிங்களப் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகள் அநேகர். அவர்கள் பாட்டியின் பேச்சை விளங்கிக்கொள்வார்கள். பாட்டியின் பாட்டை எழுதிவைக்க எழுத்தறியமாட்டார்கள்.

பாட்டை அறிந்தவர்களிலும் பெரும்பகுதியினர் இங்கே இல்லை. 1964ஆம் ஆண்டு இந்திய இலங்கை ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தபோது, லயத்துக்கு லயம் குடும்பங்கள் பிரிந்தன. 1977இல் நடந்த கலவரமும், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளில் தோட்ட மக்கள்மீது நடந்த தாக்குதலும், 1983 ஜூலைக் கலவரமும் எஞ்சியவர்களில் பலரை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் துரத்தின. எரிந்த லயங்களில் கூத்து மாஸ்டர்களின் ஏடுகளும் கொப்பிகளும் எரிந்தன. கடல் கடந்தவர்களில் இறப்பர்த் தொழில் அறிந்தோர் சிலர் கன்னியாகுமரி மாவட்டத்து அரசு இறப்பர்த் தோட்டங்களிலும், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களிலும் குடியேற்றப்பட்டார்கள். தேயிலை அறிந்தோர் நீலகிரிக்குப் போனார்கள். களனிவெளியில் கட்டிய ஒரு தாலாட்டின் பின்பாதி இன்று சுள்ளியாவில் ஒரு கிழவியின் நாவில் இருக்கலாம். முன்பாதி தெஹியோவிட்டையில் இருக்கலாம்.

ஆகையால், இவ்வருஷத்து மாசிக்கு முன்பாக, எங்கள் மாகாணத்துத் தமிழ் ஆசிரியர்களிடமும், கையில் போன் வைத்திருக்கும் வாலிபர்களிடமும் ஒரு விண்ணப்பம் செய்கிறேன். கூத்தைப் படம் பிடிப்பவர்கள் ஆட்டம் நின்றதும் கருவியை மூடிவிடாமல், பொட்டலோரத்து வாதத்தையும் பதிவுசெய்ய வேண்டும். பாட்டை எழுதும்போது, பாடியவர் சம்மதித்தால் அவர் பேர், தோட்டத்தின் பேர், தோட்டப் பிரிவு மேற்கணக்கா கீழ்க்கணக்கா என்ற விவரம், அவர் அதை யாரிடம் கற்றார், முதலில் கட்டினவர் என்று அவர் யாரைச் சொல்கிறார், அதை மறுத்துப் பேசுகிறவர் யாரைச் சொல்கிறார் என்பனவற்றை, ஒன்றைத் தள்ளி ஒன்றை ஏற்காமல், எல்லாவற்றையும் பாட்டுக்கு அடியிலேயே குறிக்க வேண்டும். கன்னியாகுமரியிலும் சுள்ளியாவிலும் உறவினர் உள்ளவர்கள், அடுத்த முறை அவர்களோடு பேசும்போது நலம் விசாரித்தபின், ஊரில் பாடிய பாட்டு ஏதேனும் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டு, அதையும் யார் கட்டியது என்பதோடு சேர்த்து எழுதி எனக்கு அனுப்பினால், வந்தவற்றை வந்தபடியே, பேர்களோடு, இப்பத்தியில் வாரம் ஒன்றாக வெளியிடுவேன்.